எழுதாமல் விட்ட பத்து இலக்கங்கள்

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை ஏமாற்றுக்காரி என்று சொல்லக் கூடாது. இந்தக் கதை நான் எழுதியதால் வந்ததல்ல, எழுதாமல் விட்டதால் வந்தது. என் தம்பி கிரான்வில் தன் வாழ்நாளில் என்னிடம் கொடுத்த எழுத்து வேலை ஒன்றே ஒன்றுதான். அவனுடைய கடல் பலகையின் அடியில் கைபேசி எண்ணை எழுத வேண்டும். பத்து இலக்கம். நான் வானொலிக்கு நாடகம் எழுதிப் பிழைப்பவள். வாரத்துக்கு நாற்பது பக்கம் எழுதித் தள்ளுவேன். அந்தப் பத்து இலக்கத்தை ஐந்து மாதமாக எழுதவில்லை.

போன பிப்ரவரியில் அவன் ப்ளூபெர்க் கடலில் இறந்துபோனான்.

அவன் பலகையை யாரோ தனியாகக் கடலில் கண்டெடுத்தபோது அதில் இருந்தது பழைய சொந்தக்காரரின் எண். கடல் மீட்புத் தன்னார்வலர் அந்த எண்ணைக் கூப்பிட்டார். பழைய சொந்தக்காரரின் மனைவி எடுத்தார். "அவர் செத்து ரெண்டு வருஷம் ஆச்சு. தயவுசெஞ்சு இப்படி பண்ணாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். மணி அப்போது நான்கு ஐம்பத்திரண்டு. தேடும் படகு கடலில் இறங்கியபோது ஆறு ஆகிவிட்டது.

அந்த அம்மாளின் பெயர் சார்மெய்ன் ஹார்ட்ஸென்பெர்க். வருகிற சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். என்ன கேட்கப்போகிறார் என்று போனிலேயே சொல்லிவிட்டார்: நான் வைத்ததால்தான் உன் தம்பி செத்தானா?

எனக்குப் பதில் தெரியாது. தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. நிமிடத்துக்கு நிமிடம் நாடித்துடிப்பைக் குறித்துவைக்கும் கைக்கடிகாரம் ஒன்றை அவன் கட்டியிருந்தான். காவல் நிலையத்தில் பிளாஸ்டிக் பையில் போட்டு என்னிடம் கொடுத்தார்கள். சார்ஜ் தீர்ந்து கிடந்தது. செருகினால் போதும், துடிப்பு நின்றது 4.52-க்கு முன்பா பின்பா என்று அதுவே சொல்லிவிடும். மூன்று வாரமாக அது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது.

சனிக்கிழமைக்குள் இந்தக் கதையை எழுதி முடித்தால் செருகுவதா வேண்டாமா என்பது தெளிந்துவிடும் என்று ஒரு நப்பாசை. இன்றைக்குத் திங்கள்.

2.

தொடக்கங்கள்.

(அ) "கடல் அன்று அமைதியாக இருந்தது." பொய். அமைதியாக இருந்திருந்தால் அவன் போயிருக்கவே மாட்டான்.

(ஆ) "தென்கிழக்குக் காற்று ஊளையிட்ட ஒரு மாலையில், விதி தன் —" சே. இது வானொலிக்காரி எழுதுவது. நாற்பது பக்கமும் இப்படித்தான் நிரம்புகிறது.

(இ) "கிரான்வில் கானெமெயர் பல் செய்பவன்."

இது இருக்கட்டும். இதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை.

கிரான்வில் கானெமெயர் பல் செய்பவன். மருத்துவர் அல்ல, மருத்துவருக்குப் பின்னால் ஒரு சின்ன அறையில் உட்கார்ந்து பொய்ப்பல் வார்ப்பவன். முப்பத்தெட்டு வயது. பல் அரை மில்லிமீட்டர் உயர்ந்துபோனால் யாரோ ஒரு கிழவர் ஆறு மாதம் சாப்பிட முடியாமல் திட்டுவார் என்று அவனுக்குத் தெரியும். அதனால் கை நடுங்காது, அவசரமும் கிடையாது. எட்டு வருடமாக இடுப்பில் பெரிய பட்டத்தைக் கட்டிக்கொண்டு, அதைக் காற்று இழுக்க, சாதாரணப் பலகையில் கடலில் போய்க்கொண்டிருந்தவன். போன வருடம் ஃபாயில் பழக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான்.

ஃபாயில் என்பது வேறொன்றுமில்லை. பலகைக்கு அடியில் இடுப்புயரத் தண்டு, தண்டின் முனையில் சின்ன விமானத்துக்கு இருப்பதுபோல ஒரு ஜோடிச் சிறகு. வேகம் கூடினால் சிறகு தண்ணீருக்குள் பறக்கும், பலகை தண்ணீரை விட்டு மேலே எழும்பும். எழும்பும் என்று ஒரு சொல்லில் எழுதிவிட்டேன். அவனுக்கு அந்த ஒரு சொல்லுக்கு ஏழு வாரம் பிடித்தது.

3.

லாங்கெபான் காயல் ஏரியில் அலை கிடையாது. அங்கேதான் தொடங்கினான். நான் கரையில் மடக்கு நாற்காலி போட்டு நாடகம் எழுதிக்கொண்டு, அவன் விழுவதை எண்ணிக்கொண்டிருப்பேன். முதல் நாள் நாற்பத்தொன்று. (எண்ணியதை அவனிடம் முப்பது என்று சொன்னேன்.)

அவனுக்கு எதிரி கடலுமில்லை, காற்றுமில்லை. எட்டு வருடப் பழக்கம்தான். சாதாரணப் பலகையில் பட்டம் இழுக்க இழுக்கப் பின்னால் சாய வேண்டும், குதிகாலை அழுத்த வேண்டும். ஃபாயிலில் அப்படிச் சாய்ந்தால் சிறகு மூக்கைத் தூக்கி வெளியே பாயும், ஆள் மல்லாக்க விழுவான், பலகை தலைக்கு மேல் வரும். பயம் வந்தால் முன்காலில் பாரம் போட வேண்டும். பயம் வந்தால் முன்னால் சாய்கிறவன் எங்கே இருக்கிறான்?

"ஒண்ணுமே தெரியாதவன் ரெண்டு நாள்ல கத்துக்கறான்க்கா. தெரிஞ்சவனுக்குத்தான் கஷ்டம்" என்றான் அன்று மாலை, காதில் புகுந்த தண்ணீரைத் தட்டிக்கொண்டே.

"உனக்குத் தெரிஞ்சதை மறந்துடு."

"நீ 'விதி'ங்கற வார்த்தைய மறந்துட்டு ஒரு நாடகம் எழுது, நானும் மறந்துடறேன்."

"வாயை மூடிட்டு ரொட்டியத் தின்னு."

"அதான் சொல்றேன். நீ இருபது வருஷமா பின்னாடியே சாஞ்சிட்டிருக்க."

தொடையில் கருநீலமாகக் கன்றிப்போயிருந்தது, தண்டு இடித்த இடம். தலைக்கவசத்தில் ஒரு கீறல். விழும்போது பலகையை உதைத்துத் தள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் சிறகு வெட்டிவிடும். அதை முதல் நாளே கற்றுக்கொண்டான். தள்ளிய பலகை காற்று வரும் பக்கம் கிடந்தால் பட்டத்தால் உடம்பை இழுத்துக்கொண்டு வளைந்து வளைந்து போய் எடுக்க வேண்டும். அதையும் கற்றுக்கொண்டான்.

ஏழாவது வாரம் எழும்பினான். முப்பது மீட்டர் இருக்கும். கரைக்கு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தான். சிரிக்கவில்லை.

"சத்தம் நின்னுபோச்சுக்கா."

"என்ன சத்தம்?"

"பலகை தண்ணிய அடிக்கற சத்தம். எட்டு வருஷமா அந்தச் சத்தம் கேட்டுட்டே இருந்திருக்கு, எனக்கே தெரியல. மேல வந்ததும் நின்னுபோச்சு."

அதை உடனே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன், ஏதாவது நாடகத்துக்கு ஆகும் என்று. அவன் பார்த்துவிட்டான். "திருடி" என்றான்.

4.

இந்தப் பகுதியை எழுத எனக்குப் பிடிக்கவில்லை. சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன்.

எங்கள் கரையில் பட்டக்காரர்கள் எல்லோரும் பலகையில் எண் எழுதியிருப்பார்கள். பலகை தனியாக மிதந்தால் எடுத்தவர் மீட்புக்காரரிடம் சொல்வார், அவர்கள் கூப்பிடுவார்கள். "பலகைதான் போச்சு, நான் வீட்ல டீ குடிச்சிட்டிருக்கேன்" என்றால் படகு இறங்க வேண்டியதில்லை. வீட்டில் இருப்பவர் "அவர் கடலுக்குப் போயிருக்காரே" என்றால் படகு இறங்கும். யாரும் எடுக்காவிட்டால் மறுபடி கூப்பிட்டுப் பார்ப்பார்கள், கரையில் விசாரிப்பார்கள்.

கிரான்வில்லின் பலகை பழசு. டியோன் ஹார்ட்ஸென்பெர்க் என்பவருடையது. அவர் மாரடைப்பில் இறந்தபின் அவர் மனைவி விற்றார். டியோனின் எண் பிசின் பூச்சுக்கு அடியில் இருந்தது, சுரண்ட வராது. மேலே வெள்ளைப் பட்டை ஒட்டி, அதன்மேல் அழியாத பேனாவால் எழுத வேண்டும். "எழுதறது உன் வேலை" என்று கிரான்வில் பட்டையை என் பையில் போட்டான்.

இன்னொரு வழக்கமும் உண்டு, இதை யாரும் எங்கேயும் எழுதிவைக்கவில்லை. ஃபாயில் பழகுகிறவன் கடலில் முதல் அலை ஏறும்வரை பலகையில் தன் பெயரைப் போட மாட்டான். ஏறாதவன் பலகையில் பெயரைப் பார்த்தால் மற்றவர்கள் விடமாட்டார்கள், "யாரோட வண்டிடா தள்ளிட்டு வந்த" என்பார்கள்.

"பேரும் நம்பரும் ஒண்ணா எழுதிக்கலாம். முதல் அலை ஏறட்டும்" என்றான்.

"நம்பரை மட்டுமாவது இப்பவே எழுதறேன்டா" என்றேன் நான்.

[நில். இதை நான் சொன்னேனா? சொல்லவில்லை. கதைக்காக இப்போது சொல்லவைத்தேன். நன்றாகத்தான் இருக்கிறது, என் பாத்திரத்துக்குக் கொஞ்சம் கௌரவம் வருகிறது. அடித்துவிடுகிறேன். நான் சொன்னது "சரி". அதுவும் எழுதிக்கொண்டிருந்த பக்கத்திலிருந்து தலை நிமிராமல்.]

5.

அக்டோபரில் ப்ளூபெர்க்குக்கு வந்தான். ஏரியில் படித்ததெல்லாம் கடலில் மறுபடி முதலிலிருந்து.

ஏரியில் தண்ணீர் ஒரே மட்டம். கடலில் தண்ணீரே ஏறி இறங்குகிறது. அலையின் முதுகில் போகும்போது சிறகு எதிர்பாராமல் வெளியே வந்துவிடும், உட்காரப் போன நாற்காலியை யாரோ இழுத்துக்கொண்ட மாதிரி கீழே போவான். அதற்கும் மேல் ஒரு கஷ்டம். அலை தள்ளும் வேகத்தில் ஆள் பட்டத்தை நோக்கியே ஓடுகிறான், கயிறுகள் தொய்கின்றன, தொய்ந்தால் பட்டம் ஆகாயத்திலிருந்து தொப்பென்று விழுந்துவிடும். அலை இழுக்கும்போது பட்டத்தை மறக்க வேண்டும், ஆனால் மறக்கவும் கூடாது.

"எத்தனை விஷயத்தைத்தான்டா ஒரே நேரத்துல கவனிப்ப?"

"ரெண்டுதான். கால்ல தண்ணி, கைல காத்து. நடுவுல நான்."

"நடுவுல நீ யாரு?"

"அதான் இடைஞ்சல்" என்றான்.

(இந்த உரையாடல் நிஜம். மெருகு ஏற்றவில்லை.)

கரையோரம் அலை உடைந்து நுரைக்கும் இடத்தைத் தாண்டவே மூன்று வாரம். பலகையைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு மார்பளவு தண்ணீர்வரை நடக்க வேண்டும், அதற்குள் நாலு அலை வந்து மூஞ்சியில் அடித்துவிட்டுப் போகும். ஒருநாள் காது மடலில் தையல். ஒருநாள் கயிறு சிக்கி, பட்டத்தை விடுவித்துவிட்டு, நீந்தியே வந்தான். மூச்சு இரைத்தது. "போதும்டா, முப்பத்தெட்டு வயசாச்சு" என்றேன். "பல் முளைக்கற வயசு இல்லதான்" என்றான். அதற்குமேல் நான் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். சொன்னாலும் போயிருப்பான்.

6.

புதன்கிழமை இரவு எழுதியதை வியாழன் காலையில் கிழித்தேன். மறுபடி.

அவன் இறந்த அன்று மதியம் இரண்டு ஐம்பதுக்கு அவனிடமிருந்து செய்தி: "இன்னிக்கு அலை சுத்தமா வருது. ஏறிடுவேன். பேனாவ எடுத்துட்டு வா."

"நாலு மணிக்கு" என்று பதில் போட்டேன்.

நான்கு மணிக்கு நான் என் நாடகத்தில் ஒரு கணவனையும் மனைவியையும் ஃபிரிட்ஜுக்காகச் சண்டை போடவைத்துக்கொண்டிருந்தேன். சண்டை நன்றாக வந்தது. ஐந்து ஐந்துக்கு எழுந்தேன். ஐந்து நாற்பதுக்குக் கரையில் இருந்தேன். அவன் கார் இருந்தது, துண்டு இருந்தது. ஐம்பது அறுபது பட்டங்களில் அவனுடைய ஒட்டுப்போட்ட ஆரஞ்சுப் பட்டம் மட்டும் இல்லை. பதினைந்து நிமிடம் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விசாரித்துவிட்டு மீட்புக்காரரிடம் ஓடினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு சுவரில் சாய்த்துவைத்திருந்த பலகையைப் பார்த்தார். அவர்மேல் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். கூப்பிட்டார், சொந்தக்காரர் இறந்துவிட்டார் என்றார்கள். கரையில் கேட்டார், யாரையும் காணோம் என்று ஒருவரும் சொல்லவில்லை. எங்கேயோ கழன்றுபோன பழைய பலகை என்று நினைத்தார். வேறு என்ன நினைப்பார்?

நிச்சயமாக எழுத முடிந்தது ஒன்று உண்டு. ரூவான் என்ற பட்டக்காரர் நாலேகாலுக்கு அவனைப் பார்த்திருக்கிறார். "வந்தாம்மா. வெளி அலையில. ரொம்ப தூரம் வந்தான்" என்றார். ஆகவே:

வெளி அலை கிரான்வில்லுக்குப் பின்னால் எழும்பியது. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. பாதத்தில் தெரிந்தது. முன்காலில் பாரத்தை வைத்தான், அரை மில்லிமீட்டர் கூடவுமில்லை, குறையவுமில்லை. சத்தம் நின்றது. பட்டத்தைத் தலைக்கு மேல் ஓரமாக நிறுத்தினான், கயிறு தொய்யவில்லை, இழுக்கவுமில்லை. இப்போது அவனைக் கொண்டுபோனது காற்றல்ல. உடையாத அலையின் சரிவில் இருநூறு மீட்டர், முந்நூறு மீட்டர், கால் நடுங்கியது, கை நடுங்கவில்லை. பயந்தான். பயத்தில் முன்னால் சாய்ந்தான்.

இதுவரை ரூவான் சொன்னது. (பயந்தது நான் சேர்த்தது. ஆனால் எனக்கு அவனைத் தெரியும்.)

இனி:

அலை முடிந்ததும் அவன் பட்டத்தைத் திருப்ப —

கயிறு தொய்ந்தபோது அவனுக்கு —

பலகையைக் காலால் தள்ளிவிட்டு அவன் —

அவன் நீந்தினான். அவன் நீந்திக்கொண்டே

முடியவில்லை. எத்தனை நேரம் நீந்தினான் என்று தெரியாமல் இந்த வாக்கியத்துக்கு முற்றுப்புள்ளி வைக்க முடியாது. நீளமான வாக்கியமா, குட்டை வாக்கியமா? அது இழுப்பறையில் இருக்கிறது.

7.

மாற்று முடிவுகள். வெள்ளிக்கிழமை, விடிகாலை.

முதலாவது: சார்மெய்ன் போனை வைக்கவில்லை. "அந்தப் பலகைய கிரான்வில்னு ஒருத்தருக்கு வித்தேன். பல் செய்யறவர்" என்கிறார். படகு ஐந்துக்கு இறங்குகிறது. இதை எழுதினால் அவர்மேல் பழி போடுகிற மாதிரி ஆகிறது. செத்த புருஷனின் போனில் யாரோ அழைத்து "உங்க வீட்டுக்காரர் கடல்ல இருக்காரா" என்று கேட்டால் யார்தான் நிதானமாகப் பேசுவார்கள்?

இரண்டாவது: நான் அக்டோபரிலேயே எண்ணை எழுதிவிட்டேன். யாருடைய எண்? அவன் போன் காரில் இருக்கும், அதனால் என் எண்தான். ஆக 4.52-க்கு என் போன் அடிக்கிறது. தெரியாத எண். கணவன் ஃபிரிட்ஜ் கதவை அறைந்து சாத்துகிறான். நான் —

இந்த இடத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

எழுதும்போது தெரியாத எண்ணை நான் எடுப்பதில்லை. இருபது வருடமாக எடுத்ததில்லை. அன்று போன் சத்தம் அடைக்கப்பட்டு, திரை கவிழ்ந்து கிடந்தது. பத்து இலக்கத்தை ஒழுங்காக எழுதியிருந்தாலும் படகு ஆறு மணிக்குத்தான் இறங்கியிருக்கும். சார்மெய்னாவது எடுத்தார்.

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. கடிகாரத்தையும் அதன் கம்பியையும் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

8.

இதை ஞாயிறன்று எழுதுகிறேன்.

சார்மெய்னுக்கு அறுபது இருக்கும். குட்டையான மனுஷி, வீட்டுச் செருப்பு, முழங்கைவரை மாவு. நேற்றே கூசிஸ்டர் என்ற, பாகில் தோய்க்கும் இனிப்பைப் பொரித்துக்கொண்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைக்குத் தெருவில் நாலு வீடு கேட்டிருக்கிறார்களாம். என்னைச் சமையலறையிலேயே உட்காரவைத்தார்.

"முகம் அதே முகம். பலகை வாங்க வந்தப்ப உன் தம்பி இங்கதான் உக்காந்தான். என் பல்லைப் பாத்துட்டு, மேல் வரிசைய யார் செஞ்சாங்கன்னு கேட்டான். திட்டலாம்னு வந்துச்சு. அப்புறம் சிரிச்சுட்டேன்."

"அவன் அப்படித்தான், ஆன்ட்டி."

"டியோன் அந்தப் பலகைல ஒரு தடவைகூட அலை ஏறல தெரியுமா? ரெண்டு நாள் போனாரு, முழங்காலைப் பேத்துக்கிட்டு வந்தாரு. நம்பரை மட்டும் பெருசா எழுதிக்கிட்டாரு. உன் தம்பி ஏறினானா?"

"ஏறினான். ரொம்ப தூரம்."

"நல்லது" என்றார். உண்மையாகவே சந்தோஷப்பட்டார். பிறகு அடுப்பை அணைத்தார்.

"அவரோட நம்பரை நான் ஏன் வெச்சிருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"கேக்க மாட்டேன்."

"எடுக்கலேன்னா அவர் குரல் பேசும். 'தண்ணியில இருக்கேன், வெளிய வந்ததும் கூப்பிடறேன்'னு. அதுக்காகத்தான் மாசாமாசம் அதை உயிரோட வெச்சிருக்கேன். அன்னிக்கு அது அடிச்சப்ப எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? வெளிய வந்துட்டாருன்னு தோணுச்சு. ஒரு நொடிதான். அந்த ஒரு நொடிக்கு வந்த கோவத்துலதான் அந்த ஆள்கிட்ட அப்படி கத்திட்டு வெச்சேன்." துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. "சொல்லும்மா. நான் வெச்சதாலதானா?"

கடிகாரத்தைப் பற்றிச் சொன்னேன். மேஜைமேல் எடுத்து வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை.

"பாத்தியா?"

"இல்ல, ஆன்ட்டி. பயமா இருக்கு."

"செருகு."

ரொட்டி வாட்டும் பெட்டியின் கம்பியைப் பிடுங்கிவிட்டுக் கடிகாரத்தைச் செருகினேன். உயிர் வர எட்டு நிமிடம் ஆனது. அவர் எனக்கு ரூய்போஸ் தேநீர் ஊற்றினார், சர்க்கரை கேட்காமலே போட்டார். திரை வெளிச்சமானதும் அவர் எழுந்து எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டிப் பக்கம் திரும்பி நின்றார்.

"நீ மட்டும் பாரு. எந்த நேரம் இருந்தாலும் சரி, எங்கிட்ட 'முன்னாடி'ன்னு சொல்லு. நான் நம்பிடுவேன். நாளைக்கு வேற மாதிரி யோசிச்சாலும் நான் உன்னைக் கூப்பிட்டுக் கேக்க மாட்டேன். சத்தியம்."

நான் பார்த்தேன். பட்டியல் நீளமாக இருந்தது, நிமிடத்துக்கு ஒரு எண். கடைசி வரிவரை போனேன். அதைத் திரும்ப ஒருமுறை படித்தேன்.

"முன்னாடி, ஆன்ட்டி" என்றேன்.

"மறுபடி சொல்லு."

"முன்னாடிதான். நீங்க போனை எடுக்கறதுக்கு முன்னாடியே."

அவர் தோள் இறங்கியது. குழாயைத் திறந்து முகம் கழுவிக்கொண்டார். பிறகு திரும்பி என்னை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் எல்லாம் தெரிந்திருந்ததா, ஒன்றும் தெரிந்திருக்கவில்லையா என்று என்னால் எழுத முடியாது.

"எனக்கு நீ சொல்லிட்ட" என்றார். "உனக்கு யாரும்மா சொல்லுவாங்க?"

9.

அந்தக் கடைசி வரியை உங்களுக்குக் காட்டப்போவதில்லை. கதைக்கு முடிவு வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். கேட்டாலும் தர மாட்டேன். சொல்லாமல் மறைப்பது உங்களைச் சீண்டுவதற்கல்ல. கடிகாரத்தைப் பார்த்தவர்கள் யாரும் எனக்குச் சொல்ல முடியாது, ஏனென்றால் பார்த்தவள் நான் மட்டும்தான். நீங்கள் பார்க்கவில்லை. ஐந்து மாதமும், நான்கு மணியும், ஃபிரிட்ஜும் எல்லாம் உங்களுக்குத் தெரியும். இருந்தும் நீங்கள் சொல்லலாம்.

சார்மெய்னுக்கு நான் சொன்ன அதே ஒரு சொல்தான். சத்தமாகக்கூட வேண்டாம். நான் நம்பிவிடுகிறேன்.